சின்ன ஆபரேஷன் யாருக்கு?

ஓய்வு பெற்ற அறுவை மருத்துவரைப் பேசக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் தன் வீரதீரங்களை அடுக்குவார், நீங்கள் மேசைக்கு அடியில் போனைப் பார்ப்பீர்கள். தாராளமாகப் பாருங்கள். எங்கள் துறைத் தலைவர் பேசும்போது நானும் அப்படித்தான் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய் வார்டில் வேலை செய்யப் போகிறவர்கள் என்பதால், இந்த ஒரு கதைக்கு மட்டும் காதைக் கொடுங்கள்.

இப்போது உங்கள் எல்லோர் வாயிலும் 'மென்மையான சிகிச்சை' என்ற சொல் வந்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் படித்த காலத்தில் வேறு சொல் இருந்தது, 'துணிச்சலான அறுவை' என்று. இரண்டையும் சொன்னவர்கள் ஒரே ஆட்கள்தான், முகத்தில் இருந்த பெருமிதமும் ஒன்றுதான்.

இந்த நோய்க்கு ஆரம்ப நிலையில் அன்று ஒரே பதில் பெரிய அறுவை. கருப்பையை எடுப்பதோடு நிற்காமல் அதன் இரு பக்கத்திலும் உள்ள திசுக்களையும், யோனியின் மேல்பகுதியையும் சேர்த்து எடுப்பது. அதில் எத்தனையோ பெண்கள் பிழைத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத் திசுக்களுக்குள்தான் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. அவை போனபின் சிலருக்குச் சிறுநீர் முட்டுவது தெரியாது, சிலருக்கு வந்தால் நிற்காது. இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'சிறு தொந்தரவுகள்'. அந்தப் பெயரை வைத்தவர்களில் ஒருவர்கூட நனைந்த சேலையோடு டவுன் பஸ்ஸில் நின்று வந்தவர் இல்லை.

பிறகு ஆய்வுகள் வந்தன. கட்டி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டவில்லை, ஆழமாக இறங்கவில்லை, ரத்த, நிணநீர் நுண்குழாய்களுக்குள் நுழையவில்லை, நிணக்கணுக்களில் பரவவில்லை என்றால், அந்தப் பெண்ணுக்குச் சாதாரணமாகக் கருப்பையை மட்டும் எடுத்துக் கணுக்களைச் சோதித்தாலே போதும், நோய் திரும்புவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. எங்கள் ஆட்கள் அதைப் படித்தார்கள், கருத்தரங்கில் கை தட்டினார்கள், மறுநாள் காலையில் வழக்கம்போல் பெரிய அறுவை செய்யத் தியேட்டருக்குப் போனார்கள்.

ஏன் தெரியுமா? யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். பெரிய அறுவைக்கு மிகவும் வசதியான நோயாளி, அது தேவையே இல்லாத நோயாளிதான். கட்டி சிறியது, உடம்பு மெலிந்தது, உள்ளே எதுவும் எதிலும் ஒட்டியிருக்காது. ரத்தம் சிந்தாமல் அடுக்கடுக்காகப் பிரிக்கலாம். வீடியோவில் பாடப்புத்தகப் படம் போல வரும். உண்மையாகவே பெரிய அறுவை தேவைப்படும் பெண்ணின் வயிற்றுக்குள் எல்லாம் குழம்பிக் கிடக்கும், வியர்த்துக் கொட்டும், படம் நன்றாக வராது. ஆகவே கைதட்டல் வேண்டுகிறவர் எந்த நோயாளியைத் தேடுவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஓரிரு வருடம் முன்பு, விருதுநகரில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு முனீஸ்வரி வந்தார். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். முனீஸ்வரிக்கு ஊர் விஸ்வநத்தம், பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலை, முப்பத்தைந்தை ஒட்டிய வயது. இரண்டு பிள்ளைகள், இனிப் பிள்ளை வேண்டாம் என்று கருத்தடையும் செய்துகொண்டவர். முகாமில் சோதனை செய்தபோது சந்தேகப்பட்டு அனுப்பியிருந்தார்கள். நான் கருப்பைவாயிலிருந்து கூம்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். புற்றுநோய்தான். ஆனால் சிறியது, ஆழம் குறைவு, வெட்டிய துண்டின் விளிம்புகளில் நோய் இல்லை. ஸ்கேனிலும் மிச்சம் எதுவும் தெரியவில்லை.

அந்தத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்த எங்கள் நோய்க்கூறியல் மருத்துவரிடம் போய் நின்றேன். அதிகம் பேசாதவர், பேசினால் திருப்பிச் சொல்ல மாட்டார். "நுண்குழாய்க்குள்ள எங்கயாவது நுழைஞ்சிருக்கா?" என்று கேட்டேன். "ரிப்போர்ட்ல இல்லைன்னு எழுதியிருக்கேனே" என்றார். "மறுபடி ஒரு தடவை பாருங்க" என்றேன். முறைத்தார், பார்த்தார். "இல்லை" என்றார். ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கத்தியைத் தீட்டுகிற உங்களுக்காக இதைச் சொல்கிறேன். நோயாளியை வகை பிரிப்பது என்றால் இப்படி ஆள் முன்னால் போய் நின்று முறைப்பு வாங்குவது.

வாராந்திரக் கூட்டத்தில் முனீஸ்வரியின் விவரத்தைச் சொல்லி, சின்ன அறுவை போதும் என்றேன். எங்கள் துறைத் தலைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை அவருக்கு அழகான கை, அதை நான் எப்போதும் ஒத்துக்கொள்வேன். அந்தக் கையை வெளியூர் மருத்துவர்கள் பார்க்க வேண்டும் என்று சனிக்கிழமைக்கு ஒரு பயிற்சி முகாம் வைத்திருந்தார். நேரடி அறுவை, பெரிய திரை, மதியம் பிரியாணி. தேவைப்பட்டதெல்லாம் மேசையில் படுக்க ஒரு பெண்.

"நல்ல கேஸ் மேடம். ஒல்லியான பேஷண்ட், சின்ன கட்டி. சனிக்கிழமை எடுத்துக்கலாம். பெரிய அறுவையாவே பண்ணிடுவோம்" என்றார்.

"எதுக்கு சார்?"

"ரிஸ்க் எடுக்க வேண்டாமேன்னுதான்."

"யாரோட ரிஸ்க்?"

தலைவர் சிரித்தார். "ஆய்வெல்லாம் நானும் படிச்சிருக்கேன் மேடம். அதெல்லாம் ஒழுங்கா செக்கப்புக்கு வர்ற ஜனங்களுக்கு. இவங்க பட்டாசு சீசன் ஆரம்பிச்சா இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டாங்க. ஒரேயடியா எடுத்துவிட்டா நமக்கும் நிம்மதி."

"செக்கப்புக்கு வராதவங்களுக்குச் சிறுநீர்ப்பை தேவையில்லையா சார்?"

ஏழை திரும்பி வர மாட்டாள், அதனால் இன்றைக்கே அதிகமாக வெட்டிவிடு என்பது மருத்துவம் இல்லை. நோயை அளக்காமல் ஆளை அளப்பது. அவ்வளவு படித்த மனிதர் அதைச் சொல்லும்போது சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களில் இரண்டு பேர் இப்போது பேராசிரியர்கள். உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள், கவனமாகக் கேளுங்கள்.

கடைசியில் தலைவர் சொன்னார்: "உங்க பேஷண்ட், உங்க பொறுப்பு. ஆனா அந்தப் பொம்பளையே பெரிய ஆபரேஷன் வேணும்னு கேட்டா நீங்க மறுக்கக் கூடாது."

அந்த வார்த்தையின் அர்த்தம் மறுநாள்தான் எனக்குப் புரிந்தது. முனீஸ்வரியும் கணவர் கண்ணனும் என் அறைக்கு வந்தார்கள். கண்ணன் பட்டாசு லோடு லாரியில் போகிறவர், கோபத்தை மறைக்கத் தெரியாத முகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டாக்டரம்மா, இருக்கிறவுகளுக்குப் பெரிய ஆபரேஷன், எங்களுக்குச் சின்னதா? காப்பீட்டு அட்டைய வச்சுப் பண்ணுறோம்னு கழிச்சுக் கட்டுறீகளா?"

"யார் சொன்னா உங்களுக்கு?"

"பெரிய டாக்டரோட ஆளு ஒருத்தர் வார்டுக்கு வந்தாரு. சனிக்கிழமை வெளியூர் டாக்டர்மாரு அம்புட்டுப் பேரும் வாராக, அன்னைக்குப் பெருசாப் பண்ணிக்கிட்டா சுத்தமாத் துடைச்சு எடுத்திரும்னாரு. நீங்க மட்டும் சின்னதுங்கிறீக. சின்னதுல மிச்சம் மீதி வச்சுட்டா, நாளைக்கு என் பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்லுவா?"

அந்த மனிதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. வார்டுக்குப் போய் அவர் காதில் ஓதியவன் மேல் வந்த கோபத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்த முனீஸ்வரி மெதுவாகச் சொன்னார்:

"நான் ஒண்ணு கேக்கட்டுமா டாக்டரம்மா? ஏசக் கூடாது."

"கேளுங்க."

"நாங்க வேலைல உக்காந்தா நெனச்ச நேரத்துக்கு எந்திரிச்சு ஒதுங்கப் போக முடியாது. அங்கன வெடிமருந்து பரத்திக் கெடக்கும், சும்மா சும்மா நடமாடக் கூடாதும்பாரு போர்மேன். எங்க தெருவுல ஒரு அக்கா இதே சீக்குக்குப் பெரிய ஆபரேஷன் பண்ணிட்டு வந்தாக. உசுருக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காக. ஆனா நனைஞ்சுக்கிட்டே இருக்காக. கம்பெனில நிப்பாட்டிட்டாக. விசேஷ வீட்டுக்குக்கூட வாரதில்ல, வாடை வரும்னு. எனக்கும் அப்படி ஆகுமா?"

கண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பயத்தை முனீஸ்வரி வீட்டில் சொல்லவே இல்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"பெருசாப் பண்ணினா எல்லாருக்கும் ஆகாது, ஆனா பல பேருக்கு ஆகுது" என்றேன். "சின்னதாப் பண்ணினா அந்தப் பயம் ரொம்பக் குறைவு. கண்ணன், நீங்க உக்காருங்க. உங்க வீட்டம்மாவுக்குக் கட்டி பெருசா இருந்திருந்தா, நீங்க வேண்டாம்னாலும் நான் பெரிய ஆபரேஷன்தான் சொல்லியிருப்பேன். நோய் இருந்த துண்டை ஏற்கனவே முழுசா எடுத்தாச்சு. இப்ப கர்ப்பப்பையை எடுக்கிறேன், கணுவையெல்லாம் எடுத்து அங்கேயே சோதிக்கிறேன். பக்கத்துல இருக்கிற நல்ல சதையையும் நரம்பையும் எடுக்கிறதுனால நோய் கூடுதலாக் குணமாகப் போறதில்ல. இதை என் சொந்தத் தங்கச்சிக்கும் இப்படித்தான் சொல்லுவேன்."

"கணுவுல இருந்துட்டா?"

"அப்ப ஆபரேஷனையே நிறுத்திட்டுக் கரண்டு வைக்க அனுப்புவேன். அப்பவும் பெரிய ஆபரேஷன் கிடையாது."

கதிர்வீச்சை எங்கள் பக்கத்தில் கரண்டு வைப்பது என்பார்கள். கண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, "அவ சொல்லுறபடி செய்ங்க" என்றார். முனீஸ்வரி கையெழுத்துப் போட்டார். ஒரு நோயாளிக்குப் புரியும்படி சொல்ல அரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆனது. 'இவர்களுக்கெல்லாம் சொன்னால் புரியாது' என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவர் சொல்லிப் பார்த்ததே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தியேட்டர் அட்டவணையில் எனக்குக் கிடைத்தது அதே சனிக்கிழமைதான். தற்செயல் என்று நினைக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். நேரடி அறுவைக்கு ஆள் இல்லாததால் தலைவரின் பழைய வீடியோ ஒன்றை ஓட்டினார்கள். அது முடிந்ததும் அவர்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு தலைவர் என் தியேட்டருக்குள் வந்து நின்றார். 'சின்ன அறுவையும் பார்த்துவிட்டுப் போங்கள்' என்று அறிமுகம் வேறு. சமையல்கட்டுக்குள் வந்து எட்டிப்பார்க்கும் மாமியாரைப் போல என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

கணுக்களைத்தான் முதலில் எடுத்தேன். வலது பக்கம் சரி. இடது பக்கத்தில் ஒரு கணு, மொச்சைக்கொட்டை போல விம்மியிருந்தது. பின்னால் நின்ற தலைவரும் எட்டிப் பார்த்துவிட்டார்.

"பாத்தீங்களா மேடம்" என்றார், விருந்தாளிகளுக்கும் கேட்கும்படி. "கணு பெருசா இருக்கு. இனியும் என்ன யோசனை? பெருசாவே பண்ணிட்டு வெளிய வாங்க. வேணும்னா நான் கை கழுவிட்டு வர்றேன்."

அந்தக் கணுவை உறைய வைத்து உடனே பார்க்கச் சொல்லி நோய்க்கூறியல் அறைக்கு அனுப்பினேன். கத்தியை டிரேயில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் துணியின் மேல் கோத்துக்கொண்டேன்.

"என்ன மேடம், சும்மா நிக்கிறீங்க?"

"ரிசல்ட் வரட்டும் சார்."

"வர்ற வரைக்கும் பக்கத் திசுவைப் பிரிக்க ஆரம்பிக்கலாமே. நேரம் மிச்சம்."

"சார், கணுவுல நோய் இருந்தா நான் மூடிட்டுக் கரண்டுக்கு அனுப்பப் போறேன். இல்லைன்னா சின்ன ஆபரேஷன் போதும். இந்த ரெண்டுல எதுக்கு நீங்க சொல்ற பெரிய ஆபரேஷன்?"

விருந்தாளிகளில் ஒரு பெண் மருத்துவர் முகக்கவசத்துக்குள் இருமினார், சிரிப்பாகவும் இருக்கலாம். மயக்க மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக விருந்தாளிகள் கால் மாற்றி நின்றார்கள். கை சும்மா இருக்கும்போது ஓர் அறுவை மருத்துவரைப் பார்த்து அறையே பரிதாபப்படும். ஏதாவது வெட்டினால்தான் வேலை நடப்பதாக எல்லோருக்கும் தோன்றும். அந்தக் கணுவில் நோய் இருந்தால், ஏழைப் பெண்ணை வைத்துச் சோதனை செய்தேன் என்று கூட்டத்தில் சொல்லப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கை கோத்தபடியே நின்றேன். நீங்கள் இந்தத் தொழிலில் கற்க வேண்டிய கடினமான வித்தை அதுதான், ஆனால் அதற்குப் பயிற்சி முகாம் யாரும் நடத்துவதில்லை.

போன் வந்தது. நர்ஸ் ஸ்பீக்கரில் போட்டார். நோய்க்கூறியல் மருத்துவரின் குரல், வழக்கம்போல எரிச்சலோடு: "வெறும் வீக்கம். நோய் இல்லை." கூம்புத் துண்டு எடுத்த புண் ஆறும்போது கணு வீங்குவது உண்டு. கருப்பையை எடுத்து முடித்து வெளியே வந்தபோது தலைவரும் விருந்தாளிகளும் பிரியாணிக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் முனீஸ்வரிக்குச் சிறுநீர் டியூபை எடுக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு வார்டில் வேலை இல்லை, ஆனாலும் வந்திருந்தேன். முனீஸ்வரி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து கழிவறைக்குள் போனார். கண்ணன் வெளியே சுவரைப் பார்த்து நின்றார். நான் பக்கத்துக் கட்டில்காரரின் சீட்டைப் படிப்பது போல நடித்தேன். கொஞ்ச நேரத்தில் முனீஸ்வரி வெளியே வந்தார், முகம் முழுக்கக் கூச்சம்.

"போயிட்டேன் டாக்டரம்மா. எப்பவும் போலத்தான். முட்டுறதும் தெரிஞ்சுச்சு."

கண்ணன் சுவரிலிருந்து திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த அறுவைகளிலேயே நல்ல முடிவு இது. இதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

எடுத்த கருப்பையைச் சோதித்ததிலும் நோயின் மிச்சம் எதுவும் இல்லை. முனீஸ்வரி வேலைக்குத் திரும்பினார். சொன்ன தேதிகளில், சீசனிலும், செக்கப்புக்கு வந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லவே வந்திருக்க மாட்டேன். நல்ல மருத்துவர், கெட்ட மருத்துவர், சுபம் என்று வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அடுத்த கருத்தரங்கில் எங்கள் தலைவர் மேடையேறி 'எங்கள் மையத்தில் மென்மையான அறுவை' என்று பேசினார். முனீஸ்வரியின் ஸ்கேன் படம் திரையில் ஓடியது. பெயரை மறைத்திருந்தார்கள், என்னையும் சேர்த்து மறைத்திருந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மனம் மாறினாரே என்றுதான் நினைத்தேன். அவர் மாற்றிக்கொண்டது ஃபேஷனை மட்டும்தான் என்பது விஜயலட்சுமி வந்தபோது தெரிந்தது.

விஜயலட்சுமி காரியாபட்டிப் பக்கத்து நிலக்காரக் குடும்பம். கணவர் ராஜேந்திரன் முன்னால் நடந்து வந்தார், அவருக்கும் முன்னால் யாரோ ஒரு பெரிய மனிதரின் போன் வந்திருந்தது. வெளியில் எடுத்த சின்னத் திசுச் சோதனையோடு, தலைவரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்திருந்தார்கள்.

"எப்பலேருந்து ரத்தம் படுது?" என்று விஜயலட்சுமியிடம் கேட்டேன்.

"ரெண்டு மாசமா" என்றார் ராஜேந்திரன். "அவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது, எங்கிட்டக் கேளுங்க."

உள்ளே தனியாகப் பரிசோதிக்கும்போது மறுபடி கேட்டேன். "அவுகள்ட்டயே கேட்டுக்கோங்க டாக்டரம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டார் அந்த அம்மா. கண்ணுக்குக் கட்டி சிறியதாகத்தான் தெரிந்தது. விரலுக்கு வேறு மாதிரி. கருப்பைவாய் உள்ளே பீப்பாய் போலப் புடைத்திருந்தது, நோய் அதன் உட்குழலுக்குள் ஒளிந்து வளர்ந்திருந்தது. ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். கட்டி மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது, ஆழமும் அதிகம். இந்தப் பெண்ணுக்குத்தான் பெரிய அறுவை தேவை.

கூட்டத்தில் தலைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வேண்டியவங்க மேடம். நம்ம சின்ன முறையிலேயே பண்ணிக்கொடுத்துடலாம். நீங்கதானே அதுக்குக் கொடி பிடிச்சீங்க?"

"நான் கொடி எதுவும் பிடிக்கல சார். அளவெடுத்தேன். இந்தம்மாவுக்கும் அளவெடுத்திருக்கேன்."

மென்மை என்பதை இவர்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கூலிக்காரிக்கு அது வீண் என்றார்கள், பிறகு நிலக்காரர் வீட்டுக்கு அதுதான் கௌரவம் என்றார்கள். இரண்டு தடவையும் கட்டியைப் பார்க்கவே இல்லை.

விஜயலட்சுமியையும் ராஜேந்திரனையும் உட்கார வைத்துச் சொன்னேன். படம் வரைந்து காட்டினேன். சின்னதாகச் செய்தால் நோயின் குறுக்கே வெட்டுவதாக ஆகும், பிறகு கரண்டும் வைக்க வேண்டிவரும், இரண்டின் கஷ்டமும் சேர்ந்து வரும் என்றேன். ராஜேந்திரனுக்கு முகம் சிவந்தது.

"பட்டாசுக் கம்பெனிக்குப் போறவளுக்கே நோகாமப் பண்ணி அனுப்பியிருக்கீகளாம், பெரிய டாக்டர் சொன்னாரு. எங்க வீட்டுப் பொம்பளைய மட்டும் அம்புட்டுத் தூரம் அறுக்கணுமோ?"

"அவங்களுக்கு நோய் சின்னது. இவங்களுக்குப் பெருசு. வேற வித்தியாசம் எதுவும் இல்லை."

அவர் சீட்டுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். விஜயலட்சுமி எழத் தயங்கினார். என்னைப் பார்த்தார், வாய் ஏதோ சொல்ல வந்தது. "வா" என்றார் கணவர். அந்த அம்மாவும் எழுந்து போய்விட்டார். நான் இரண்டு தடவை போன் செய்தேன், ராஜேந்திரன்தான் எடுத்தார். வேறு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நாள் குறித்தாகிவிட்டது என்றார். அந்த மருத்துவமனையை அவருக்குச் சொன்னது யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். சின்ன அறுவை நடந்திருந்தது, தழும்பு அழகாக இருந்தது. வெட்டிய விளிம்பில் நோய் இருந்தது. கதிர்வீச்சும் மருந்தும் தரவேண்டி வந்தது. அறுவையால் ஒட்டிக்கிடந்த குடலின் மேல் கதிர்வீச்சு விழுந்ததில் விஜயலட்சுமி பட்ட பாட்டை நான் விவரிக்கப் போவதில்லை. வார்டில் நீங்களே பார்ப்பீர்கள், பார்க்கும்போது முகத்தைத் திருப்பாதீர்கள். உயிர் பிழைத்தார். எடை பாதியாகி, சோறு கண்டால் பயந்து, ஆனால் பிழைத்தார்.

சிகிச்சை முடிந்தபின் முதல் செக்கப்புக்கு இருவரும் வந்தார்கள். நோய் அடங்கியிருக்கிறது என்று சொன்னேன். ராஜேந்திரன் பெருமூச்சு விட்டார். பிறகு என்னை நேராகப் பார்த்து, குற்றம் சாட்டுகிற குரலில்தான் சொன்னார்:

"அன்னைக்கே நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் டாக்டரம்மா."

இத்தனை வருடத் தொழிலில் எனக்குப் பதில் வராமல் போன நேரங்கள் குறைவு. அப்போதும் நாக்கு நுனியில் ஒன்று தயாராக இருந்தது, நல்ல காரமாக. அதற்குள் விஜயலட்சுமி பேசினார். அந்த அறையில் அவராக எடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"டாக்டரம்மா சொன்னாக. படம் போட்டே சொன்னாக. எனக்கு வெளங்குச்சு. பெருசாவே பண்ணுவோம்னு சொல்ல வாயெடுத்தேன், நீங்க வான்னுட்டீக."

ராஜேந்திரன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா கையை மட்டும் லேசாகத் தூக்கினார், அவர் நிறுத்திவிட்டார். பிறகு விஜயலட்சுமி தன் நாற்காலியை என் மேசைக்குக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இனிமே எதுனாலும் என்னைய உக்கார வச்சு எங்கிட்டச் சொல்லுங்க டாக்டரம்மா. அவுகளுக்கு நான் சொல்லிக்கிடுறேன்."